சென்டர் பேரிங்

மஞ்சூருக்குக் கீழே அந்த எஸ்டேட்டில் பனி இன்னும் விலகவில்லை. ஃபேக்டரி ஷெட்டில், பிக்கப் வண்டிக்கு அடியில் ஈரச்சாக்கின்மேல் மல்லாந்து கிடந்தான் டிரைவர் செலஸ்டின். பின்சக்கரங்களைச் சுழற்றும் நீளத் தண்டை நடுவில் தாங்குகிற சென்டர் பேரிங்கை, தண்டோடு தரையில் இறக்கி, விறைத்த விரல்களால் கழற்றினான். துருவும் கிரீஸும் முகத்தில் உதிர்ந்தன. பேரிங்கைச் சுற்றியிருந்த ரப்பர் நார்நாராகக் கிழிந்திருந்தது. கையில் வைத்துச் சுழற்றினால் கரகரவென்று அரைத்தது.

புதுசு வேண்டுமென்று அவன் கேட்கும்போதெல்லாம், கிரீஸ் வைத்து ஓட்டு என்றார் மேனேஜர் வெற்றிச்செல்வன். பழைய டியூபை வெட்டிச் சுற்றி அவனும் ஓட்டினான். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். அதே வண்டியின் பின்தட்டில் நின்றபடிதான் அவன் மனைவி கெஸியாவும் கொழுந்து பறிக்கப் போகிறாள். நேற்று கொண்டை ஊசி வளைவில் தண்டு ஆடி வண்டியின் அடித்தகட்டில் மோதியதில், பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

மேனேஜரின் பூட்ஸ் கால்கள் வந்து நின்றன.

"கீழ்க்காட்டுல கொழுந்து முத்திப்போகுது. பழசையே மாட்டி வண்டிய எடுய்யா."

செலஸ்டின் ஊர்ந்து வெளியே வந்தான். "மாட்டுனா தண்டு கழண்டு விழுந்துருமுங்க. எறக்கத்துல வண்டி நம்ம கையில நிக்காதுங்க."

"அப்ப சாவியக் குடு. பிராங்ளின் மாட்டி ஓட்டட்டும். நீ வீட்டக் காலி பண்ணு."

கொடுத்தால் தெருவில் நிற்க வேண்டும். அதற்கு முன்பே, பிராங்ளின் ஓட்டும் அந்த வண்டியில் கெஸியா இன்று ஏறியாக வேண்டும். ஆனாலும் அந்தப் பேரிங்கை மாட்டி ஓட்ட மனம் வராமல் சாவியை நீட்டினான் செலஸ்டின்.

"பேரிங்கை மாத்தச் சொன்னா ஆளை மாத்தறீங்க," என்றாள், வண்டிக்காகக் கூடைகளோடு ஷெட்டில் காத்து நின்ற பெண்களிடையே இருந்த கெஸியா. "நாங்க ஏற மாட்டோமுங்க."

கூடையை இறக்கி வைத்துத் தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில், அவளோடு கொழுந்து பறிக்கும் கலைமதி உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும். செலஸ்டினும் உட்கார்ந்தான். எல்லாருக்கும் ஆப்சென்ட் போடுவேன் என்று மேனேஜர் கத்தியும் ஒருத்தியும் எழவில்லை. அவர் சாவியை, ஓரமாக நின்றிருந்த பிராங்ளினிடம் நீட்டினார்.

பிராங்ளின் தற்காலிக டிரைவர். நிரந்தர வேலைக்காக ஆபீஸ் வாசலில் காத்துக் காத்துச் சலித்தவன். சாவியைப் பார்த்தான், தரையில் கிடந்த தண்டைப் பார்த்தான்.

"எனக்கும் வேலை வேணுமுங்க. இப்படி வேண்டாமுங்க."

செலஸ்டினுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

மேனேஜர் போனைக் காதில் வைத்தபடி ஆபீசுக்கு நடந்தார். வரப்போவது பேரிங்கா, போலீஸா, யாருக்கும் தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்டது. ஷெட்டின் ஓரத்தில் நனைந்தவர்களுக்கு உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

"எந்திரிச்சா எல்லாரும் சேந்துதான் எந்திரிக்கிறோம்," என்றாள் கலைமதி.