மருந்து டேங்கில் கட்டிய ஊக்கு

இந்தக் காலத்து ஆட்கள் கேள்வி மட்டும்தான் கேட்கிறார்கள், பதிலைக் காதில் வாங்குவதில்லை. வைரக்கண்ணுவுக்கு இது ரொம்ப நாளாகவே இருக்கிற குறை. எங்கே போகணும் என்று கேட்கிற கண்டக்டர், வாயைத் திறப்பதற்குள் ஏதோ ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிடுகிறான். சௌக்கியமா என்று கேட்கிற சம்பந்தி, கேட்டுக்கொண்டே அடுத்த ஆளிடம் போய்விடுகிறார். ஆனால் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாயை விட்டுக்கொண்டே, "என்ன மருந்து குடிச்சீங்க, எவ்வளவு குடிச்சீங்க?" என்று கேட்டார்கள். தொண்டையில் குழாய் இருக்கிற மனுசன் என்னத்தைச் சொல்லுவான்?

அவர் குடிக்கவில்லை. அதுதான் விஷயம்.

செட்டிகுளத்துக்கு மேற்கே ஒன்றரை ஏக்கர் பருத்தி போட்டிருந்தார். கார்த்திகை பிறந்ததும் காயில் புழு விழுந்துவிட்டது. அன்றைக்குக் காலையிலிருந்து மருந்து அடித்தார். மத்தியானத்துக்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வாயில் எச்சில் ஊற்று மாதிரி வந்தது. கண்ணில் பனி மூடியது. வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்தவரைப் பக்கத்துக் காட்டுப் பழனிவேல் ஓடிவந்து தூக்கினான். வாயை முகர்ந்தான். மருந்து நெடி. காலடியில் மருந்து பாட்டில். காலையில் புருசனும் பெண்டாட்டியும் போட்ட சண்டையை அவனும் கேட்டிருந்தான். வேறென்ன வேண்டும்? "பெரியப்பா மருந்தைக் குடிச்சிட்டாரு" என்று கத்திக்கொண்டே ரோட்டுக்கு ஓடி, சின்ன வெங்காயம் ஏற்றிப்போன வேனை நிறுத்தினான். வைரக்கண்ணு மூட்டைகளுக்கு மேலே படுத்தபடி டவுனுக்கு வந்து சேர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தது. கண்மணி கடுகு மாதிரி சுருங்கிக் கிடக்கிறது என்றது. சட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள். சோப்புப் போட்டு உடம்பெல்லாம் கழுவினார்கள். கட்டினவளைத் தவிர யாரும் தேய்க்காத முதுகை யார் யாரோ தேய்த்தார்கள். அப்புறம் குழாய். அப்புறம் ஊசி மேல் ஊசி.

குழாயை எடுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நான் குடிக்கல."

"குடிச்சவங்க எல்லாரும் அப்படித்தான் தாத்தா சொல்லுவாங்க" என்றது நர்ஸ் சாந்தி மேரி. ஏலாக்குறிச்சிப் பக்கத்துப் பெண். கை வேலையில் இருந்தாலும் முகம் சிரித்தபடி இருக்கும். "குடிக்கலன்னா வாய்க்குள்ள எப்படி வந்துச்சு?"

வைரக்கண்ணு வாயை மூடிக்கொண்டார். ஏனென்றால் அந்த நேரம் பெண்டாட்டி பஞ்சவர்ணம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

காலையில் நடந்த சண்டை பெரிய சண்டை ஒன்றுமில்லை. விக்கிரமங்கலத்தில் மகள் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. ரெண்டு நாள் முன்னாடியே போகணும் என்றாள் பஞ்சவர்ணம். மருந்து அடித்து முடிக்காமல் கிளம்ப முடியாது என்றார் இவர். வார்த்தை வளர்ந்தது. "அப்ப அந்த மருந்தையே குடிச்சிட்டுக் கெடங்க" என்று சொல்லிவிட்டுக் கஞ்சிச் சட்டியை ணங்கென்று வைத்தாள். இவரும் கஞ்சியைத் தொடாமல் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். நாற்பது வருசத்தில் அதைவிடப் பெரிய வார்த்தையெல்லாம் அவள் சொல்லியிருக்கிறாள். இவர் தோளில் விழுந்த தூசி மாதிரி தட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் இன்றைக்கு அந்த ஒரு வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது.

ராத்திரி என்ன நடந்ததென்று அவருக்கு நினைவில்லை. நாக்கு கருவாடாகக் காய்ந்து கிடந்தது மட்டும் தெரியும். விடிந்ததும் சாந்தி மேரி நாடி பிடித்துக்கொண்டே சொன்னது. அந்த ஊசிக்குப் புத்தி கொஞ்சம் கலங்குமாம். ராத்திரி பூரா இவர் கையை நீட்டி நீட்டி ஆகாயத்தில் பருத்தி எடுத்தாராம். எடுத்து எடுத்துப் பக்கத்தில் கொடுத்தாராம். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மடியை ஏந்தி வாங்கி வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.

"பொய்" என்றார் வைரக்கண்ணு.

"நான் ஏன் தாத்தா பொய் சொல்றேன்? மூணு மணிக்கு, மடி ரொம்பிடுச்சு, மூட்டையைப் பிரின்னு அதட்டுனீங்க."

அவர் நம்பவில்லை. ஆனால் திரும்பிப் பார்த்தால், தரையில் உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணத்தின் முந்தானை இன்னும் மடியில் விரிந்தபடி கிடந்தது.

அதற்குப் பிறகுதான் அவருக்கு உண்மையான பயம் வந்தது. ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பில்லை என்றார். "சரிங்க" என்றாள். காபி கழனித்தண்ணி மாதிரி இருக்கிறது என்றார். "வேற வாங்கியாரட்டுங்களா?" என்றாள். ஆள் தெரியாமல் யாரையாவது பஞ்சவர்ணம் சேலையில் உட்காரவைத்துவிட்டார்களா என்று உற்றுப் பார்த்தார். வேண்டுமென்றே உன் தம்பி உருப்படாத பயல் என்றார். அதற்கும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன புள்ள, வாயில கொழுக்கட்டையா?"

"இனிமே உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்க" என்றாள் மெல்ல. "சிறுவாச்சூர் ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். நீங்க பொழைச்சா மாவிளக்குப் போட்டு, என் நாக்கைக் கட்டிக்கிறேன்னு. கோவத்துல சொன்னதை மனசுல வச்சிக்கிட்டுக் குடிச்சிட்டீங்களே."

வைரக்கண்ணு கணக்குப் போட்டுப் பார்த்தார். இருக்கிற காலம் முழுக்க இவள் சரிங்க சரிங்க என்று தலையாட்டிக்கொண்டு, தானே கொல்லப் பார்த்ததாக நினைத்துக்கொண்டு, அந்த வீட்டில் நடமாடப் போகிறாள். உண்மையைச் சொன்னால் தீர்ந்தது. ஆனால் சொல்வது சாமானியமில்லை. காரணம், அந்த ஊக்கு.

மருந்து டேங்கின் குழாய் முனையில் இருக்கிற நாசில் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் கழற்றி வாயில் வைத்து ஊதுவார். ஊரே அப்படித்தான் ஊதும். போன வருசம் ஊதிவிட்டுத் தலை சுத்துது என்று வந்தவரைச் சிறுவாச்சூருக்கு இழுத்துப்போய், ஆத்தா முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கினாள், இனிமேல் வாய் வைப்பதில்லை என்று. வந்ததும் தன் தாலிக் கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றி, டேங்க் வாரில் நூல் போட்டுக் கட்டினாள். அடைத்தால் இதால் குத்துங்க என்றாள்.

அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நாசில் அடைச்சிக்கிச்சு புள்ள."

பஞ்சவர்ணம் நிமிர்ந்தாள்.

"ஊதுனேன்."

"எத்தனை தடவை?"

"மூணு." கொஞ்சம் பொறுத்து, "அஞ்சாறு இருக்கும்."

"ஊக்கு?"

"அங்கதான் தொங்குது."

அவள் ஒரு நிமிசம் அவர் முகத்தையே பார்த்தாள். தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாரோ என்று ஒரு சந்தேகம். அது உடனே போய்விட்டது. அவள் சொன்னது சரி என்று பொய்க்குக்கூட ஒத்துக்கொள்கிற மனுசன் இல்லை இவர்.

அப்புறம் ஆரம்பித்தாள். சத்தியத்தில் தொடங்கி, சூடத்துக்கு வந்து, அவர் அப்பன் காலத்துப் பிடிவாதத்தைத் தொட்டு, ராத்திரி முழுக்கக் காற்றைக் கொடுத்துப் பருத்தி என்று சொன்னது வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. எதிர்க் கட்டிலில் கால் ஒடிந்து கிடந்தவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து கேட்டார். சத்தம் போடாதீங்கம்மா என்று அதட்ட வந்த சாந்தி மேரி, விஷயம் புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

"நேத்தே சொல்லியிருக்கலாமே தாத்தா?"

"எங்க விட்டீங்க" என்றார் வைரக்கண்ணு. முகம் தெளிந்திருந்தது. கஞ்சியை உப்பில்லாமலே குடித்து முடித்தார்.

அன்று முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஊதினதும் முதுகில் மருந்து ஊறினதும்தான் காரணம், இன்னொரு தடவை இப்படிச் செய்தால் வேன் வந்து சேராது என்று டாக்டரம்மா நிறுத்தி நிதானமாகச் சொன்னது. வைரக்கண்ணு ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது வருசமாக ஊதுகிறேன், ஊதினதால் ஒன்றுமில்லை, வெறும் வயிற்றோடு வெயிலில் நின்றதுதான் என்றார். டாக்டரம்மா பஞ்சவர்ணத்தைப் பார்த்தது. பஞ்சவர்ணம் தாலிக் கயிற்றிலிருந்து இன்னொரு ஊக்கைக் கழற்றி நீட்டினாள்.

அவர் அதை வாங்கி அரைஞாண் கயிற்றில் மாட்டிக்கொண்டார்.

"இது சும்மா, உன் திருப்திக்கு" என்றார்.

வாசலைத் தாண்டியதும் செட்டிகுளம் பக்கம் திரும்பாமல், காதுகுத்துக்காக விக்கிரமங்கலத்துக்குப் போகிற நினைப்பில், எதிரே வந்த ஆளிடம் அரியலூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். அந்த ஆள் கையை நீட்டிச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் நடையைக் கட்டிவிட்டார். ஊதினதாலயாம், என்று முனகியபடி.