வலப்பக்கம் வந்த ஸ்டியரிங்

பல் டாக்டருக்கு ஐம்பது வயதில் சிவப்பு நிறத்தின் மேல் ஆசை வந்தது. சட்டை மேல் வந்திருந்தால் செலவு கம்மி. கார் மேல் வந்து தொலைத்தது. கப்பலில் வந்து இறங்கிய அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு முப்பது வயது, இரண்டே சீட்டு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். ஏற வேண்டுமென்றால் முதுகை மடக்க வேண்டும், இறங்க வேண்டுமென்றால் யாராவது கை கொடுக்க வேண்டும். ஸ்டியரிங் மட்டும் இடது பக்கம் இருந்தது. அதை வலது பக்கம் மாற்றினால்தான் ரோட்டில் விடுவோம் என்று சட்டம் சொல்லிவிட்டது.

வீட்டில் இருந்தது ஒரே ஷெட். அதில் அதுவரை நின்றது மனைவியின் சின்னக் கார். அவள் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சத்தம், வீட்டில் டாக்டர் சத்தம். இரண்டுக்கும் நடுவே அந்தக் காருக்குள் கிடைக்கும் அரைமணி நேரம்தான் அவளுடையது. டாக்டர் அந்தச் சின்னக் காரை ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கோ விற்றுவிட்டு வந்து சொன்னார்.

"ஷெட்ல எடம் வேணும்ல. இது ரெடியானதும் நீயே ஓட்டிக்கோ. ஸ்டியரிங் மட்டும் ரைட்டுக்கு வரட்டும்."

விடையை மட்டும் எழுதி வைக்கும் பிள்ளைகளிடம் 'வழிமுறை எங்கே?' என்று கேட்கிறவள், வீட்டில் அதைக் கேட்காமல் விட்டுவிட்டாள். மறுநாள் முதல் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கியபடி போனாள்.

காரை வெட்டி ஒட்டும் வேலையை ஏற்றுக்கொண்டவருக்கு வெல்டிங் என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயரை அவரே மறந்திருப்பார். எதையும் பற்றவைத்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. அவர் டேஷ்போர்டை அறுத்தார், ஸ்டியரிங்கைப் பிடுங்கி வலப்பக்கம் நட்டார், பெடல்களை இடம் மாற்றினார். டாக்டர் தினமும் கிளினிக்கை முடித்துக்கொண்டு வந்து, கண்ணும் கருத்துமாகக் காவல் காத்தார். வேலையில் அவர் காட்டிய கறார் ஒன்றே ஒன்றுதான்: தன்னையும் வெல்டிங்கையும் தவிர வேறு யாரும் காருக்குள் காலை வைக்கக் கூடாது. வைக்கவில்லை. ஒரு ஆள் ஓட்ட, இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, கார் ஒரு தெருகூடப் போகவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்தது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியை இடது சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார். பெரிய ரோட்டில் முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. டாக்டரின் வேகம் குறைவதாக இல்லை. பக்கத்து சீட்டில் மாட்டிக்கொண்ட மனைவிகள் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். இரண்டு காலாலும் முன்னால் இருந்த கார்பெட்டை ஓங்கி மிதித்தாள்.

கார் குலுங்கி நின்றது. டாக்டரின் நெற்றி ஸ்டியரிங்கில் போய் இடித்தது.

"பாத்தியா," என்றார் நெற்றியைத் தடவிக்கொண்டே. "என் கால் போறதுக்கு முன்னாடியே நிக்குது. ரேஸ் வண்டின்னா சும்மாவா."

அவள் குனிந்து கார்பெட்டைப் பார்த்தாள். அடுத்த சிக்னலில் சும்மா லேசாக மிதித்துப் பார்த்தாள். அதற்கடுத்த திருப்பத்தில் இன்னொரு தடவை. அவளுக்குப் புரிந்துவிட்டது. சொல்லத்தான் நினைத்தாள்.

"நான் எப்பங்க ஓட்டுறது?" என்று முதலில் அதைக் கேட்டாள்.

"அவசரப்படாத. வண்டி இன்னும் செட் ஆகல. அதோட, உனக்கு ஜட்ஜ்மெண்ட் பத்தாது."

கார் நட்டநடு ரோட்டில் நின்றது. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரன் டாக்டரின் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனான். இந்தத் தடவை அவள் பயத்தில் மிதிக்கவில்லை. நன்றாக யோசித்துத்தான் மிதித்தாள், மிதித்ததும் அவளுக்குப் பரம சந்தோஷமாக இருந்தது.

அதன்பின் வண்டி கண்ட இடத்தில் நின்றது. டாக்டர் தன் ஓட்டும் அழகைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிச்சயம் நின்றது. வெல்டிங் தனியாக ஓட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. டாக்டர் தனியாக ஓட்டினார், நிற்கவில்லை. படித்த மனிதர் இல்லையா, உட்கார்ந்து யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"நீ ஏறினாதான் இப்படி ஆகுது. உன் வெயிட்டுக்கு வண்டி ஒரு பக்கமா இழுக்குது."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"அப்ப நான் அந்தப் பக்கம் உக்காந்து பாக்கலாமே. வெயிட்டு மாறிடும்ல?"

தானே வெட்டிய குழியில் டாக்டர் இறங்க வேண்டியதாகிவிட்டது. சாவி கை மாறியது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அந்தத் தெருமுனை வரைக்கும் அவளுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தெருமுனையில் ஒரு சைக்கிள் வந்தது, தூரத்தில்தான். டாக்டரின் கால் தானாக முன்னால் போய் மிதித்தது. கார் நின்றது. அவர் குனிந்து பார்த்தார். மறுபடி மிதித்தார். கார்பெட்டைப் பிய்த்தார். அடியில் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி ஓடியது.

"இத்தனை நாளா நீயா?"

"ஆமா."

பெரிய சண்டைக்கு அவள் தயாராக இருந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். ஆனால் டாக்டருக்கோ வாயெல்லாம் பல்.

"அட, இது நல்ல ஏற்பாடா இருக்கே. இனிமே நீயே ஓட்டும்மா. பிரேக்தான் என்கிட்ட இருக்கே."

அப்படித்தான் அவளுக்கு ஸ்டியரிங் கிடைத்தது. அவள் ஓட்டுவாள், அவர் நிறுத்துவார். காலையில் பள்ளிக்கூட வாசல் வரை கூடவே வந்தார். நாய் வந்தால் மிதித்தார், வளைவு வந்தால் மிதித்தார், அவள் மூன்றாவது கியர் போட்டால் மிதித்தார். பின்னால் வருகிறவர்கள் ஓட்டுகிறவளைத்தான் முறைத்தார்கள். "பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்" என்று ஒருவன் கண்ணாடியை இறக்கிச் சொன்னான். டாக்டர் அதை ஆமோதிப்பது போல அவனைப் பார்த்துச் சிரித்தார். பஸ்ஸில் நசுங்கியபோதுகூட அவளுக்கு இவ்வளவு அவமானமாக இருந்ததில்லை. நண்பர்களிடம் டாக்டர், "மனைவிக்கு விட்டுக்குடுத்துட்டேம்ப்பா" என்று போனில் பீற்றிக்கொண்டார். அவர்களும் அவருடைய பெருந்தன்மையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

ஒரு சனிக்கிழமை கிளினிக்குக்குக் கிளம்பும்போது சொன்னார்.

"கம்பில கால் வழுக்குது. வெல்டிங்கிட்ட கொண்டுபோய் எனக்கு ஒழுங்கா ஒரு பெடல் வச்சுத் தரச் சொல்லு. ரப்பர் போட்டது."

அவள் முதல் தடவையாகத் தனியாக ஓட்டிக்கொண்டு போனாள். கார் எங்கேயும் குலுங்கவில்லை. நிறுத்த நினைத்த இடத்தில் நின்றது, போக நினைத்த இடத்தில் போனது. இவ்வளவு நல்ல வண்டியா இது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பட்டறை வந்துவிட்டதே என்று வருத்தமாகவும் இருந்தது.

வெல்டிங் கார்பெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"வலது பக்கம் சைலன்சர் பைப் மறிச்சுது டீச்சர். அதான் பிரேக் சிலிண்டர இந்தப் பக்கமே விட்டுட்டு, குறுக்க கம்பி குடுத்து உங்க பெடலோட சேத்துட்டேன். இந்தப் பக்கம் ஒரு ஆள உக்கார வச்சு ஓட்டியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். சார்தான் யாரையும் ஏற விடலையே."

"இத மாத்த முடியுமா?"

"முழுசா பிரிக்கணும். மூணு மாசம் வண்டி இங்க நிக்கணும். சார் கேட்ட பெடல்னா இப்பவே பத்தவச்சுடலாம். வைக்கவா?"

மூன்று மாதம் என்றதும் அவளுக்குப் பஸ்ஸின் வேர்வை நாற்றம் மூக்கில் ஏறியது. பெடலை வைத்தாலோ ஆயுசுக்கும் இந்தக் குலுங்கல்தான். அவள் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். கதவைத் திறந்து இடது சீட்டை ஆட்டிப் பார்த்தாள்.

"இந்த சீட்ட எடுக்க எவ்வளவு நேரமாகும்?"

"நாலு போல்ட்டு. டீ ஆறுறதுக்குள்ள எடுத்துடலாம். எதுக்கு டீச்சர்?"

"எடுத்துடுங்க."

வெல்டிங் வெளுத்துப்போனார். நாளைக்கு டாக்டர் வந்து கத்தும் கத்தலை நினைத்திருப்பார்.

"அப்ப சார் எங்க உக்காருவாரு?"

"அந்த சீட்டுலயேதான்," என்றாள் அவள். "ஒரு ஆட்டோல போட்டு வீட்டுக்கு அனுப்பிடுங்க."