பெல்ட் நீட்டும் கை

“டாப் மாடலா, நடு மாடலா?” என்று கேட்டார் ஓட்மர்.

சாப்பாட்டு மேசையில் பருப்பும் ஸ்பெட்ஸ்லே என்ற முட்டைமாவு நூடுல்ஸும் ஆறிக்கொண்டிருந்தன. கரண்டியைத் தூக்க வேண்டுமானால் அவர் முதலில் முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் வராமல் அந்தப் பாடு படுவதாக இல்லை.

மனைவி கெர்லிண்ட கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மடிக்கணினியில் வந்திருந்த பழைய கார் விளம்பரத்தை மறுபடி படித்தாள். நடு மாடல்தான். ஆனால் விற்கிறவர் வாங்கியபோதே பல கூடுதல் சாமான்களைச் சேர்த்துப் போட்டிருக்கிறாராம். தோல் இருக்கை, வால்நட் மரம், கண்ணாடிக் கூரை, பத்து ஒலிபெருக்கி.

“பேரு சொல்லாதே. நம்பரைச் சொல்லு.”

அந்த வீட்டில் அப்படித்தான். ஓட்மர் முப்பத்தெட்டு வருஷம் கார் ஆலையில் வேலை பார்த்தவர். அங்கே வாடிக்கையாளர் கேட்டு வாங்கும் ஒவ்வொரு கூடுதல் சாமானுக்கும் மூன்றிலக்க எண் உண்டு. வேலை செய்கிறவர்கள் பெயரைச் சொல்லுவதே இல்லை. ஆலைப் பேச்சு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. குளிர்காலத்தில் கெர்லிண்ட வெந்நீர்ப் பையைப் படுக்கையில் வைத்தால், “ஐந்நூத்துப் பத்து வந்தாச்சு” என்பார். இருக்கையைச் சூடாக்கும் சாமானின் எண் அது. கெர்லிண்டவுக்குத் தன் தங்கையின் தொலைபேசி எண் மறந்தாலும் மறக்கும், இந்த எண்கள் மறக்காது.

அவற்றில் ஒன்றே ஒன்றுதான் இப்போது அவர்களுக்கு வேண்டியிருந்தது. இருநூற்று முப்பத்தொன்று.

கூபே என்பது இரண்டே கதவுள்ள கார். கதவு நீளமாக இருப்பதால் பெல்ட் ஓட்டுநரின் தோளுக்கு வெகு பின்னால் தொங்கும். உடம்பைத் திருப்பிக் கையைப் பின்னால் நீட்டித்தான் எடுக்க வேண்டும். அதற்காகவே ஒரு கை செய்தார்கள். ஓட்டுநர் உட்கார்ந்து கதவைச் சாத்தினதும், பின்பக்கத்துத் தூணிலிருந்து மெல்லிய கை ஒன்று பெல்ட்டைத் தாங்கிக்கொண்டு தோளருகே நீளும். மாட்டிக்கொண்டதும் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். டாப் மாடலில் அது தானாகவே வரும். மற்ற இரண்டு மாடலில் கேட்டு வாங்க வேண்டும். பத்தொன்பது வருஷம் அந்தக் கையைப் பொருத்தியவர் ஓட்மர். கேட்காதவர்களின் காரில் அந்த ஓட்டையில் வட்டமான மூடி ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தி அடைத்துவிடுவார்.

போன இலையுதிர் காலத்தில் அவருடைய வலது தோள் இறங்கியது. பிறகு இடது. ட்யூபிங்கன் மருத்துவமனையில் ஒரு நோயின் பெயர் சொன்னார்கள். அந்தப் பெயரை இருவரும் வீட்டுக்குள் சொல்வதில்லை. தசை மேலிருந்து கீழே கரைந்துகொண்டு வந்தது. பாதத்துக்கு இன்னும் பலம் இருந்தது. விரல்கள் பிடித்தன, மடியை ஒட்டி வைத்தால் ஸ்டியரிங்கைத் திருப்ப முடிந்தது. பின்னால் மட்டும் கை போகவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு அவர்களுடைய சின்னக் காரை கெர்லிண்டதான் ஓட்டினாள். அவரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, குனிந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிவிடுவாள்.

ஒவ்வொரு தடவையும் அவர் சொல்வார், “எரநூத்து முப்பத்தொண்ணு நல்லா வேலை செய்யுது.”

ஒவ்வொரு தடவையும் அவள் சொல்வாள், “கேரண்டி முடிஞ்சு போச்சு, ஜாக்கிரதை.”

மருத்துவர் நல்ல பெண். ஒளித்துப் பேசவில்லை. இப்போதைக்கு ஓட்டலாம், செப்டம்பர் பதினாலாம் தேதி மறுபடி கையைச் சோதித்துப் பார்ப்பேன், அன்றைக்கு நான் சரி என்று சொல்லும்படி இருக்காது என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் ஓட்மர் சொன்னார்: “ஒரு தரம். ஒரே ஒரு தரம் நானே ஏறி, நானே பெல்ட்டப் போட்டுக்கிட்டு, ஏரிக்கரை வரைக்கும் ஓட்டணும். லிண்டாவ்ல உன் தங்கச்சி வீட்டு வாசல்ல நிறுத்தணும். நடுவுல யார் கையும் படக் கூடாது.”

அப்படித்தான் கூபே வேட்டை ஆரம்பித்தது. கதவை இழுத்துச் சாத்துவதற்குக்கூட ஏற்பாடு செய்துவிட்டார். கைப்பிடியில் பழைய நாய்வாரைக் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, இடுப்பால் இழுப்பதாகத் திட்டம். ஒரு தாளில் பதினாலு எண் எழுதிக்கொண்டார். பதினொன்று ஆசை, மூன்று அவசியம்: தானியங்கி கியர், மின்சாரத்தில் நகரும் இருக்கை, இருநூற்று முப்பத்தொன்று. ஆசையை எல்லாம் விட்டுத்தள்ளேன் என்றாள் கெர்லிண்ட. மே மாதத்திலேயே பதினொன்றையும் கோடு போட்டு அடித்துவிட்டார்.

எஸ்லிங்கனில் பார்த்தது பேஸ் மாடல். கியரும் இருக்கையும் சரியாக இருந்தன, ஆனால் கை வர வேண்டிய ஓட்டையில் மூடி. உல்மில் பார்த்தது டாப் மாடலிலேயே ஸ்போர்ட் வகை. கை அழகாக நீண்டது. ஓட்மர் சிரித்தபடி பெல்ட்டை மார்புக்கு நேரே வாங்கி மாட்டினார், தானே. ஆனால் கியரைக் கையால் மாற்ற வேண்டிய வண்டி. மூன்றாவது கியருக்கு மேல் அவரால் தள்ள முடியவில்லை. ஃபோர்ட்ஸைமில் ஒரு வண்டியில் மூன்றும் இருந்தன. அவர்கள் வழியில் இருக்கும்போதே விற்றுப்போனது.

இப்போது நாலாவது. ஆகஸ்ட் இருபத்தொன்று. கெர்லிண்ட காலையிலேயே தோட்டத்துக்குப் போய் நின்றுகொண்டு விற்கிறவரோடு போனில் பேசியிருந்தாள். ஹௌசர் என்று பெயர்; கூரை வேயும் தொழில் நடத்தி ஓய்வு பெற்றவர். கியர் தானியங்கியா? ஆமாம். இருக்கை மின்சாரமா? ஆமாம், நினைவு வைத்துக்கொள்ளும். பெல்ட்டை நீட்டும் கை உண்டா என்று கேட்டாள். அவர் சிரித்தார். “எனக்கு ரெண்டு கை இருக்குதும்மா. நானே எடுத்துப் போட்டுக்குவேன்.”

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லை.

“சொல்லு” என்றார் ஓட்மர். கரண்டி இன்னும் தட்டிலேயே கிடந்தது. “கியரு?”

“தானியங்கி.”

“சீட்டு?”

“மின்சாரம். மெமரியோட.”

“எரநூத்து முப்பத்தொண்ணு?”

சுவரில் நாட்காட்டி தொங்கியது. இன்றைத் தள்ளி எண்ணினால் பதினாலாம் தேதிக்கு இருபத்துநாலு நாள். அவள் அதைக் காலையில் இரண்டு தடவை எண்ணியிருந்தாள்.

“இருக்கு” என்றாள்.

ஓட்மர் முழங்கையை ஊன்றி, ஒரு வாய் பருப்பை அள்ளிச் சாப்பிட்டார். ஆறிப்போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் மனசில் போட்ட கணக்கு இதுதான்: நான்தான் கூடவே இருப்பேனே. ஏறும்போது நான் பின்னால் நின்று பெல்ட்டை எடுத்து நீட்டினால் ஆயிற்று. இரண்டு விநாடி வேலை. மற்றதெல்லாம் அவர். லிண்டாவ் வரைக்கும் அவர்தான். ஏரியைப் பார்த்ததும் அந்த இரண்டு விநாடி யாருக்கு ஞாபகம் இருக்கும்?

மறுநாள் ரொய்ட்லிங்கன் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போனார்கள். ஹௌசர் காரைக் கழுவி, வாசலில் கல் பாவிய இடத்தில் நிறுத்தியிருந்தார். கரும்பச்சை. பின்னால் மாடலின் பெயரோ எண்ணோ எதுவும் இல்லை.

“எழுத்து வேணாம்னு ஆர்டர் பண்ணும்போதே சொல்லிட்டேன்” என்றார் ஹௌசர். “பெரிய இன்ஜின்னு தெரிஞ்சா அவ்வளவுதான். ‘உனக்கு என்னய்யா குறைச்சல்’னு கூரை போடச் சொன்னவனுங்க காசுல பாதியக் குறைப்பானுங்க.”

“ஆறு சிலிண்டர்” என்றார் ஓட்மர், புகைக்குழாயைப் பார்த்தபடி. “குழாய் அகலமா இருக்கு. எழுத்த மறைச்சீங்க, குழாய மறைக்கலையே.”

ஹௌசர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். இவருக்கு விற்றால் வண்டி நல்ல இடத்துக்குப் போகும் என்று கெர்லிண்டவிடம் சொன்னார். அவளும் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு ஓட்மர் ஓர் அந்நிய மனிதரோடு தொழில் பேசுகிறார். இந்த நடு மாடலில் டாப் மாடலின் விளக்கு எப்படி வந்தது என்று கேட்கிறார். அந்த வருஷம் விளக்கும் சக்கரமும் சேர்த்து ஒரு பொட்டலமாக விற்றார்கள், தனித்தனியாக வாங்கினால் நஷ்டம், நீங்கள் சரியாகத்தான் வாங்கியிருக்கிறீர்கள் என்று பதிலையும் அவரே சொல்கிறார். ஹௌசர் பள்ளிக்கூடத்தில் பாராட்டு வாங்கிய பையன் மாதிரி நின்றார்.

பிறகு ஓட்மர் பின்பக்கமாகத் திரும்பி, இடுப்பை முதலில் வைத்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். யாரும் தொடவில்லை. விசையை அழுத்தினார்; இருக்கை முன்னால் நகர்ந்தது. கைகளை மடியோரம் வைத்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். நாய்வாரைக் கொண்டுவந்திருந்தார், கெர்லிண்ட கைப்பிடியில் கட்டினாள். அவர் இடுப்பைச் சாய்த்து இழுத்தார். கதவு சாத்திக்கொண்டது.

காத்திருந்தார்.

ஹௌசர் வால்நட் மரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கெர்லிண்ட கண்ணாடிக்கு வெளியே நின்று ஓட்மருடைய தோளையே பார்த்தாள். அந்தத் தோளுக்குப் பின்னாலிருந்து எதுவும் வரவில்லை. அவர் சாவியைத் திருப்பி மின்சாரத்தைப் போட்டார். மறுபடி காத்திருந்தார். பிறகு ஜன்னல் கண்ணாடி இறங்கியது.

“கெர்லிண்ட” என்றார். “எனக்குத் திரும்பிப் பார்க்க முடியல. பின்னாடி தூண்ல வட்டமா ஒரு மூடி இருக்கா பாரு.”

“இருக்கு.”

“கட்டைவிரலால அழுத்து. ஆடுதா?”

அவள் கையை உள்ளே விட்டு அழுத்தினாள். “ஆடல.”

“வண்டி எந்த வருஷம், ஹெர் ஹௌசர்?”

ஹௌசர் சொன்னார். வருஷம், மாதம்கூட.

“அப்போ நான் போட்ட மூடிதான்” என்றார் ஓட்மர். “அந்த வருஷம் பூரா இடது பக்கம் பகல் ஷிஃப்ட் நான். ராத்திரி ஷிஃப்ட்காரன் போட்டா ஆடும்.”

ஹௌசருக்கு விஷயம் பாதி புரிந்தது. அந்தக் கையைத்தானே சொல்கிறீர்கள், பட்டறையில் கொடுத்தால் போட்டுத் தரமாட்டார்களா என்றார். ஓட்மர் பொறுமையாக விளக்கினார். தூணைப் பிரிக்க வேண்டும், உள்ளே கம்பி இழுக்க வேண்டும். அந்தக் கையை இப்போது செய்வதில்லை. உடைத்த வண்டியில் தேடிப் பிடிக்க வேண்டும். எல்லாம் ஆகும், இரண்டு மாதத்தில் ஆகும்.

கெர்லிண்ட குனிந்தாள். பின்னால் தொங்கிய பெல்ட்டின் நாக்கைப் பிடித்து இழுத்து, அவருடைய தோளருகே, அந்தக் கை நீட்டுமே அதே இடத்தில் நீட்டினாள்.

“நான் குடுக்கறேன், ஓட்மர். இந்தா. மத்ததெல்லாம் நீதான்.”

அவர் வாங்கவில்லை.

“போன்லயே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“நாப்பத்திரண்டு வருஷத்துல நீ ஒரு நம்பரையும் எங்கிட்ட மாத்திச் சொன்னதில்ல.”

“இருபத்திமூணு நாள்தான் இருக்கு” என்றாள் அவள். “இதுவும் நம்பர்தான்.”

ஹௌசர் கூரையில் எதையோ பார்ப்பது மாதிரி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

“நீ குடுக்கறதுக்குன்னா நம்ம வண்டியே போதுமே” என்றார் ஓட்மர். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். “நீ குடுக்கறது இல்லாம ஒரு தரம் பார்க்கணும்னுதான் இத்தனையும்.”

அவள் கையிலிருந்து பெல்ட் நழுவி, தானாகச் சுருட்டிக்கொண்டு பின்னால் போய் மூடிக்குக் கீழே தொங்கியது.

ஓட்மர் இன்ஜினைப் போட்டார். ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறும் சீராக ஓடுகின்றன, நல்ல வண்டி, விலையைக் குறைக்காதீர்கள் என்று ஹௌசரிடம் சொல்லிவிட்டு அணைத்தார். இறங்குவதற்கு இருவர் பிடிக்க வேண்டியிருந்தது. நாய்வாரை அவிழ்க்க கெர்லிண்டவுக்கு வெகு நேரம் ஆனது. அவள்தான் இறுகக் கட்டியிருந்தாள்.

சின்னக் காரில் அவரை உட்காரவைத்து, குனிந்து, தோளுக்கு மேலாகப் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். டக்கென்ற சத்தம் கேட்டது. அவள் உடனே நிமிரவில்லை. அவர் சொல்லப்போகும் வாக்கியத்துக்காக அப்படியே நின்றாள். தன்னுடைய பதிலும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

அவர் முன்கண்ணாடி வழியாக எதிரே இருந்த வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் ஊரான ஹெரன்பெர்க்குக்குள் நுழையும் சிவப்பு விளக்கில் பதினாலாம் தேதி எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள் என்று கேட்டார். ஒன்பதரை என்றாள். சீக்கிரமே கிளம்பிவிடலாம், அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது என்றார்.

வீட்டு வாசலில் அவள் சுற்றி வந்து கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, அவருடைய கைகளை ஒவ்வொன்றாக அதிலிருந்து விடுவித்தாள்.

“நன்றி” என்றார் ஓட்மர்.

மருத்துவமனையில் ஊசி போட்டுவிட்டுப் போகிற பெண்களிடம் சொல்வாரே, அதே மரியாதையோடு.