ரத்தினசாமி தொலைத்த வருஷங்கள்

முதல் தடவை லைசென்ஸ் ஆபீசுக்குப் போய்வந்த அன்று ரத்தினசாமிக்கு ஒரு வயது குறைந்தது. போகும்போது இருபத்தொன்பது, வரும்போது இருபத்தெட்டு. அது 1967. அருள்புரத்தில் எல்லாருக்கும் நூல் விலை பற்றிய கவலை இருந்ததால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பது வருஷம் பட்டாளத்தில் மலைப்பாதைகளில் லாரி ஓட்டியவர், ஊரில் பஸ் ஓட்டிப் பிழைக்கலாமென்று நம்பி வந்திருந்தார். ஆபீசில் இருந்தவரோ, "பட்டாளத்துல ஓட்டுனதெல்லாம் இங்க செல்லாதுங்க. இல்லாத மாதிரிதான்" என்றார். பாழாய்ப்போன வாய், சொன்னது அப்படியே பலித்தது. கடைசி வருஷம் உடம்பை விட்டுக் கழன்றுகொண்டது. அந்த வருஷம் பட்ட நெற்றித் தழும்பும் கூடவே போனது.

ரத்தினசாமிக்கு எதுவும் உறைக்கவில்லை. இளநரை கறுத்ததில் சந்தோஷம்தான். பயமெல்லாம் மனைவி சாரதாமணிக்கு. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டே மனசுக்குள் பின்னோக்கி எண்ணுவாள். மகள் மருதாள் பிறந்தது பட்டாளத்தின் ஏழாவது வருஷம். லீவில் வந்து தாலி கட்டியது ஐந்தாவது வருஷம். மனுஷனோ விடாமல் ஆபீசுக்கு நடந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு வருஷத்தைத் தொலைத்துவிட்டு விசிலடித்துக்கொண்டு திரும்பினார். மூன்றாவது தடவை வந்தவர், வாசலில் விளையாடிய மருதாளைப் பார்த்து, "இது யாரூட்டுக் கொழந்த சாரதா?" என்றார். அவள் ஓடிப்போய் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இனிப் போவாதீங்க மாமா."

"போவாட்டிச் சோத்துக்கு என்ன பண்றது?"

அதுவும் நியாயம்தான். அவள் கூலியில் மூன்று வயிறு நிறையாது. முருகன் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டாள். வெள்ளைப் பூ வந்தால் சாமி சரியென்கிறது, சிவப்பு வந்தால் வேண்டாமென்கிறது. "மாமனுக்கு லைசென்ஸு கெடைக்குமா சாமி?" என்று கேட்டாள். பூசாரி அவள் எடுத்த பூப்பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை. 'என்னை நெனப்பிருக்குமா?' என்பதுதான் அவள் கேட்க வேண்டிய கேள்வி. சிவப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் நாக்கு எழவில்லை. கேட்காததற்குச் சாமி எப்படி வாக்குச் சொல்லும்? உத்தரவு கிடைத்துவிட்டதென்று அவளே அவரை அனுப்பிவைத்தாள்.

முருகன் வாக்குப் பொய்க்கவில்லை. அடுத்த வருஷம், ஒன்பதாவது தடவை முடிந்து, பட்டாளத்தையே பார்த்திராத இருபது வயதுப் பையனாக ரத்தினசாமி போய் நின்றான். செல்லாதென்று தள்ள அவனிடம் எதுவும் மிச்சமில்லை. கை மட்டும் ஸ்டீயரிங்கை மறக்கவில்லை. எங்கே ஓட்டப் பழகினாயென்று கேட்டால் விழித்தான். லைசென்ஸ் கொடுத்துவிட்டார்கள். வாங்கியவன் நேரே குண்டடத்தில் தன் அம்மா ஊட்டுக்குப் போய்விட்டான்.

இப்போது குண்டடத்திலிருந்து அருள்புரம் வழியாகத் திருப்பூர் போகும் பஸ்ஸை அவன்தான் ஓட்டுகிறான். நல்ல டிரைவர் என்று ஊரே சொல்கிறது. சாரதாமணி அதில்தான் கம்பெனிக்குப் போகிறாள். "பாத்து ஏறுங்கக்கா" என்பான். முதல் நாள் மருதாள் "அப்பா!" என்று கத்தியதில் மிரண்டுபோய் பிரேக்கை மிதித்துவிட்டான், பஸ்ஸே குலுங்கியது. அதற்கப்புறம் மருதாள் அவனை டிரைவர் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். சாரதாமணிதான் அப்படிச் சொல்லப் பழக்கினாள்.