இனிமே ஓய்வுதான்

கணுக்காலில் ஐஸ் பையைக் கட்டி, காலைத் தலையணைமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு பூட்டு படுத்திருந்தபோது அண்ணன் கையில் கேக் டப்பாவோடு வந்து நின்றான். அன்றைக்கு யாருக்கும் பிறந்தநாள் இல்லை. முந்தின நாள்தான் அவள் அணி கடைசி ஆட்டத்தில் தோற்று சீசனை முடித்திருந்தது. அதற்குக் கேக் வாங்கிக் குத்திக்காட்டுகிற அளவுக்கு அண்ணனுக்குக் கால்பந்தும் தெரியாது, கிண்டலும் வராது.

"நல்ல முடிவு. இப்பவாவது தோணுச்சே உனக்கு," என்றான்.

"என்ன முடிவு?"

போனை நீட்டினான். பின்வரிசையில் அவளைத் தாண்டிப் பந்து போகாது என்று ரசிகர்கள் வைத்த பெயர்தான் பூட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கியில் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பூட்டு பெரிய எழுத்தில் தலைப்பாகியிருந்தாள். 'இனிமேல் ஓய்வுதான்: பெண்கள் அணி கேப்டன் பூட்டு அறிவிப்பு.' கீழே அவள் தலைகுனிந்து மைதானத்தை விட்டு வருகிற படம். ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தது ஒரு குற்றமா?

அந்த நிருபர் பையனை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆட்டம் முடிந்து நாக்கு வறண்டு, கால் வீங்கி, நொண்டிக்கொண்டு உள்ளே போனவளின் வாய்க்கு முன்னால் மைக்கை நீட்டி, "அடுத்து என்னக்கா?" என்றான். "இனிமே ஓய்வுதான் தம்பி," என்றாள். வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கணும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஓய்வு எடுப்பது ஒன்று, ஓய்வு பெறுவது இன்னொன்று. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற வித்தியாசம் இது. போன மாசம் ஆண்கள் அணி கேப்டனும் இதே வார்த்தையைத்தான் சொன்னான். அவனிடம் எல்லாரும், "எத்தனை நாள் சார்?" என்று கேட்டார்கள். அவனும் அவளும் ஒரே வயதுக்காரர்கள்.

"நான் இப்படிச் சொல்லல. தப்பாப் போட்டிருக்கான்," என்றாள்.

அண்ணனின் முகம் வாடியது. தலைப்பைப் பார்த்தபோதுகூட அவளுக்கு அவ்வளவு எரியவில்லை, இந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எரிந்தது. உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா குழாயை மூடிவிட்டு வந்தாள்.

"சொல்லலையா? காலையிலேருந்து மாடி மாடியா ஏறி எல்லாருக்கும் சொல்லிட்டேனேடி."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

"நல்ல சேதிய எதுக்கு எழுப்பிக் கேக்கணும்?" அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "சொன்னதாவே இருந்துட்டுப் போகட்டுமே."

போனில் வாழ்த்துகள் குவிந்துகொண்டே இருந்தன. உயிரோடு இருக்கிறவளுக்கு இரங்கல் கூட்டம் நடத்துவதுபோல ஆளாளுக்கு அவள் பழைய படத்தைப் போட்டு உருகியிருந்தார்கள். பிழைப்பு போய்விட்டது என்று நினைக்கிறார்கள், அதற்கா இவ்வளவு பூவும் புகழும்? நிஜமா என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்கவில்லை. கோல்கீப்பர் நெட்டைகூடக் கேட்கவில்லை. எந்த ஊருக்கு ஆடப் போனாலும் அவளோடு ஒரே அறையில் தூங்குகிறவள், 'கண்ணீருடன் தோழி' என்று முடித்திருந்தாள். பூட்டு அவளைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, நீகூட என்கிட்ட கேக்கலையே?"

நெட்டை, "கேட்டா இல்லன்னு சொல்லுவியோன்னு பயமா இருந்துச்சு," என்றாள். "உன் இடத்துக்குப் புதுப் பொண்ணப் பாத்து வெச்சுட்டாங்கடி. அடுத்த சீசன்ல உன்ன வெளிய உக்கார வெப்பாங்க. அத நான் பாக்கணுமா?"

"உக்கார வெச்சா உக்காருறேன். அது என் தலையெழுத்து. நீங்க ஏன்டி எனக்கு முன்னாடியே எழுந்து நின்னு கை தட்டுறீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள். அடுத்து நிருபரைப் பிடித்தாள். "ஐயோ சாரிக்கா, திருத்தம் போட்டுடறேன். ஆனா செமையா ஓடுதுக்கா," என்றான். திருத்தம் வரவே இல்லை.

மறுநாள் நொண்டிக்கொண்டே கிளப் ஆபீஸுக்குப் போனாள். மேனேஜர் அறைச் சுவர் முழுக்க ஆண்கள் அணியின் படங்கள். பெண்கள் அணி ஜெயித்த ஒரே கோப்பை அவர் மேஜைமேல் பேனாக்களைச் சுமந்துகொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். இத்தனை வருஷத்தில் அது முதல் தடவை.

"எங்களுக்கெல்லாம் பெரிய அதிர்ச்சிம்மா. தூக்கமே வரல எனக்கு."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். மேஜையில் 'நன்றி, பூட்டு' என்ற போஸ்டர் அச்சாகி, மை காய்ந்தே போயிருந்தது.

"நான் ஓய்வு பெறல சார். அந்தப் பையன் தப்பா எழுதிட்டான். நீங்க போன வாரம் சொன்ன ஒப்பந்தத்த எடுங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

"சொன்னேன், இல்லங்கல. அது நீ ஓய்வ அறிவிக்கறதுக்கு முன்னாடி," என்றார். வாய் கூசவில்லை அந்த மனுஷனுக்கு. "தப்போ சரியோ, ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இப்பப் போய் இல்லன்னு சொன்னா உனக்குத்தான் அசிங்கம். மரியாதையா அனுப்பி வைக்கறோம்னு சொல்றோம்ல?"

அனுப்ப வழி தெரியாமல் இருந்தவர்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. ஒரு காட்சி ஆட்டம் ஏற்பாடாம். பத்து நிமிஷம் அவள் ஆடுவாளாம். ஆள் மாற்றும் எண் பலகையைத் தூக்குவார்களாம், எல்லாரும் எழுந்து நின்று கை தட்டுவார்களாம், புதுப் பெண்ணைக் கட்டிப்பிடித்துவிட்டு வெளியே வரவேண்டுமாம். "அழுகை வந்தா அடக்காத. டிவில நல்லா இருக்கும்," என்றார்.

நாற்காலியைத் தூக்கி அந்தப் படங்களின் மேல் எறியலாமா என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தாள். எறிந்திருந்தால், அதையும் ஓய்வின் சோகம் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

"சரி, ஆடறேன்," என்றாள்.

கால் வீக்கம் வடிந்த பிறகு அந்த நாள் வந்தது. கோப்பையை ஜெயித்த அன்றைக்குக்கூட பாதி மைதானம் காலியாகத்தான் இருந்தது. இன்றைக்கு நிற்க இடமில்லை. இவள் ஆடும்போது எட்டிப் பார்க்காத ஜனம், போவதைப் பார்க்கக் குடும்பத்தோடு வந்திருந்தது. முன்வரிசையில் அம்மாவும் அண்ணனும் புதுத்துணியில் உட்கார்ந்திருந்தார்கள். பூட்டு யாரையும் பார்க்கவில்லை. பத்து நிமிஷமும் காலில் வலியே தெரியாமல் ஆடினாள்.

பந்து கோட்டைத் தாண்டியது. ஓரத்தில் ஒருவர் பலகையை உயர்த்தினார். அவள் எண், நான்கு, சிவப்பில் எரிந்தது. பக்கத்தில் புதுப் பெண் குதித்துக் கால்களைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். பாவம், அவள்மேல் எந்தக் கோபமும் இல்லை. மேனேஜர் பூங்கொத்தோடு தயாராக நின்றார். மைதானமே எழுந்து கை தட்டியது.

பெண் நடுவர் அவள் அருகில் வந்து, "மெதுவா போங்க. அவசரமே இல்ல," என்றார்.

"நான் வெளிய போகல."

"என்னது?"

"போக மாட்டேன். வெளிய போக வேண்டியவ முடியாதுன்னா ஆட்டத்தத் தொடரணும். அதானே விதி?"

நடுவர் அவள் முகத்தையே பார்த்தார். ஓரத்திலிருந்து கோச் என்னவோ கத்தினார். மேனேஜர் பூங்கொத்தை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். நடுவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. விசிலை வாயில் வைத்துக்கொண்டு, பந்தை எறியச் சொல்லி எதிரணிப் பெண்ணுக்குக் கை காட்டினார்.

கைதட்டல் அங்கங்கே அறுந்தது. நிறுத்துவதா தொடர்வதா என்று தெரியாமல் சிலர் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். எறிந்த பந்தைக் காலில் வாங்கிக்கொண்டு எதிரணியின் வேகக்காரி நேராக அவளை நோக்கி வந்தாள். பின்னாலிருந்து நெட்டையின் குரல், ஆட்டத்தில் எப்போதும் கேட்கிற அதே கட்டைக் குரல், "பூட்டு, வலது பக்கம் விடாத," என்றது. பூட்டு முழங்காலை மடித்துத் தாழ்ந்து நின்றாள். கோட்டுக்கு வெளியே பலகைக்காரர் இன்னும் கையை இறக்கவில்லை. இறக்கச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. சிவப்பு நான்கு மேலேயே ஆடிக்கொண்டிருந்தது.