ரான் ஹாஸ்கெட்டின் குரல்

1

இந்தக் கதை என்னுடையதல்ல; மெர்ல் ட்ரெலோர் என்னிடம் சொன்னது. சொல்லி முடிக்கும்வரை அவர் தன் கணவரின் பெயரை உச்சரிக்கவே இல்லை. கணவர் லாக்லன், அடிலெய்டு வானொலியிலும் பிறகு தொலைக்காட்சியிலும் இருபது ஆண்டுகள் அரசியல்வாதிகளின் குரலிலேயே பேசி அவர்களைக் கிழித்துத் தொங்கவிட்டவர். அவருக்கு வசனம் எழுதியவன் நான். ஆகவே இதில் எனக்கும் பங்குண்டு.

2

அன்று அடிலெய்டில் மழை—

(இல்லை. நல்ல வெயில். மழையைப் போட்டால் பயம் தானாக வந்துவிடும். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம்.)

லாக்லனுக்குப் பேர் வாங்கித் தந்தது முதல்வர் ரான் ஹாஸ்கெட்டின் குரல். மூக்கால் இழுத்து, கடைசிச் சொல்லை விழுங்கி, அப்படியே பேசுவார். ஹாஸ்கெட் இறந்ததும், இனி அந்தக் குரல் கிடையாது என்று நிகழ்ச்சியிலேயே அறிவித்தார். மறுவாரம் ஹாஸ்கெட்டின் மனைவி நொரீன் அவரை வீட்டுக்கு அழைத்தார்.

காலை பதினோரு மணி. சமையலறை.

"இருபது வருஷமா என் வீட்டுக்காரர வெச்சு சம்பாதிச்சீங்க. எனக்கு ஒரு உதவி பண்ணுங்க, லாக்லன்."

"சொல்லுங்க நொரீன்."

"அவர் உயிர் போறப்ப நான் ஆஸ்பத்திரி வாசல்ல காரை நிறுத்த இடம் தேடிட்டிருந்தேன். போயிட்டு வரேன்னு ஒரே ஒரு தடவ சொல்லிடுங்க. அவர் குரல்ல."

நொரீன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டார். லாக்லன் தொண்டையைச் செருமினார்.

"போயிட்டு வரேன், பட்ஜி."

நொரீனின் தோள்கள் அசையவில்லை. "அவர் மட்டும் என்னைக் கூப்பிடற பேரு அது. உங்களுக்கு யாரு சொன்னா?"

(நொரீனை நான் நம்பவில்லை. எங்காவது பேட்டியில் சொல்லியிருப்பார் என்று இரண்டு நாள் தேடினேன். எங்கும் இல்லை.)

3

காரிலிருந்து லாக்லன் வீட்டுக்குப் பேசினார். "பால் வாங்கிட்டு வரவா?"

"ஹாஸ்கெட் கிண்டல் போதும். உங்க குரல்ல பேசுங்க," என்றார் மெர்ல்.

"இதுதான மெர்ல் என் குரல்?"

மருத்துவர்கள் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார்கள். நிகழ்ச்சி நின்றது. வீட்டில் லாக்லன் பேசுவதை விட்டுவிட்டுத் துண்டுக் காகிதங்களில் எழுதத் தொடங்கினார்.

4

இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மூன்றாம் வாரம் குரல் திரும்புகிறது. மற்றதில் அவர் நொரீனோடே தங்கிவிடுகிறார். மெர்ல் இரண்டையும் படித்தார்.

"ரெண்டும் இல்ல. குளிக்கறப்ப சிரிக்கறாரு. அந்தச் சிரிப்பு மட்டும் அவரோட பழைய சிரிப்புதான்."

பிறகு கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். லாக்லனின் கையெழுத்து: 'நொரீன் வீட்டில் நான் பேசினால் யாரும் பயப்பட மாட்டார்கள்.'

"தினம் கூப்பிடறாங்க அந்தம்மா. நாளைக்குப் போறேங்கறாரு. நீங்கதான் எழுதறவரு. அனுப்பட்டுமா?"

இருபது ஆண்டுகள் அந்த வாயில் சொற்களைப் போட்டவன் நான். இந்தப் பதில் ஒன்றை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. மெர்ல் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். நீங்களாவது ஏதாவது சொல்லுங்கள்.