உள்ளங்காலில் ஒரு பொட்டு

ஆடி மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் இருந்த கப்ளு பொம்மைகள் அத்தனையும் எழுந்து, தாங்கள் செய்யப்பட்ட இடத்துக்கே நடந்து போகத் தொடங்கின. அன்று மல்லிகை கிலோ நானூறு, மழை இல்லை, வேறு விசேஷமும் இல்லை. கப்ளு என்றால் டிவியில் வருகிற நீலக் கரடிக்குட்டி. சிவப்புக் குல்லா, ஒரு முழ உயரம். பிள்ளைகளின் மடியிலிருந்து இறங்கி, வாசற்படி தாண்டத் தெரியாமல் இரண்டு தடவை விழுந்து, மூன்றாம் தடவை தாண்டி, தெருவுக்கு வந்ததும் இடப்பக்கமாகவே நடந்தன. கோரிப்பாளையத்துக் கப்ளுகள் பாலத்தில் ஏறி வைகையைக் கடந்தன. சிலதுக்கு இடுப்பில் அரைஞாண், சிலதுக்குக் கழுத்தில் தர்காவில் மந்திரித்த தாயத்து, ஒன்றுக்கு எல்கேஜி அடையாள அட்டை. பின்னால் பிள்ளைகள் அழுதுகொண்டே ஓட, பிள்ளைகளுக்குப் பின்னால் தாய்மார் ஓட, சந்திப்பில் நின்ற போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்தி எல்லோருக்கும் வழிவிட்டார். வேறு என்னதான் செய்வார், பாவம்.

இந்த வினையைச் சிவபாண்டியிடமிருந்துதான் சொல்லிக்கொண்டு வரவேண்டும். திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே ஒரு தகரக் கொட்டகையில் பிளாஸ்டிக் குடம் செய்துகொண்டிருந்த மனிதர். என்ன ஆசையோ, ஒரு கரடிப் பொம்மைக்கு அச்சு வெட்டினார். நல்ல கரடிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்று சித்திரைத் திருவிழாவுக்குக் கடை விரித்தும் ஒரு நாதி சீண்டவில்லை. “அண்ணே, இதுக்குப் பேரு என்னன்னு பிள்ளைக கேக்குது. பேரில்லாத கரடிய எவன் வாங்குவான்?” என்றார் கோரிப்பாளையத்தில் பொம்மைக்கடை வைத்திருக்கும் சிஹாபுதீன். அது சிவபாண்டிக்குச் சுருக்கென்று தைத்தது. ரயிலேறி மும்பைக்குப் போனார். அந்தக் கார்ட்டூன் கம்பெனியிடம் கப்ளுவைச் செய்து விற்க ஐந்து வருஷத்துக்கு உரிமம் வாங்கி வந்தார். அதே அச்சு, அதே ரப்பர். நீலம் அடித்துக் குல்லா வைத்ததுதான் வித்தியாசம். அட, அதற்குப் பிறகு அடிதடிதான்! டிவியில் கப்ளுவுக்குச் சளி பிடித்த வாரம் மூக்கில் துண்டு கட்டிய கப்ளு போனது. கப்ளு கிரிக்கெட் ஆடிய மாதம் கையில் மட்டையோடு போனது. ஒரு கொட்டகை நாலு கொட்டகையாகி, பெயிண்டிங் செக்‌ஷனில் மட்டும் அறுபது பெண்கள் உட்கார்ந்து கண்ணும் மூக்கும் வரைந்தார்கள்.

அந்த அறுபது பேருக்கும் பாண்டிச்செல்வி தலைமை. அவளைப் பெற்றவர்கள் அழகர்கோவில் பக்கம் ஊரார் வயலில் நாற்று நட்டவர்கள். இவள் ஒரு நாளைக்கு நானூறு முகம் வரைந்தாள். முகம் முடிந்ததும் இடது கன்னத்தில் கறுப்பில் ஒரு பொட்டு வைப்பாள். யாரும் சொல்லி வைத்ததில்லை, கை தானாக வைத்தது. அவளைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். மும்பையிலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி, கப்ளுவுக்கு மச்சம் கிடையாதே என்று மிகவும் மரியாதையாகச் சொல்லி, நாலாயிரம் பொம்மையைத் தள்ளுபடி செய்தார். “சார், இம்புட்டு அழகா செஞ்சு வெளிய அனுப்புறோம். கண்ணு படாதா?” என்று கேட்டாள் பாண்டிச்செல்வி. சிவபாண்டி அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் அதிகாரியைப் பார்த்துச் சிரித்து வைத்தார். மறுநாளிலிருந்து பெண்கள் பொட்டை இடது உள்ளங்காலுக்கு மாற்றிக்கொண்டார்கள். கைக்குழந்தைக்கு அங்கே வைப்பதும் வழக்கம்தானே. எந்த அதிகாரியும் பொம்மையின் காலைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஐந்தாம் வருஷம் மும்பைக் கம்பெனியைக் கடல் கடந்த ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. கப்ளுவை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். சிவபாண்டிக்கு நாலு வரியில் கடிதம் வந்தது. உரிமம் முடிகிற நாளில் கப்ளு உருவம் உள்ள சரக்கு அனைத்தும் உற்பத்தியான இடத்துக்குத் திரும்பி, அங்கே அழிக்கப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. கடைகளில் தேங்கிய சரக்குக்காக எழுதியது அது. ஆனால் பொம்மைகளுக்கு அந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தரவில்லை. மற்ற ஊர்களில் கப்ளு போட்ட பையும் செருப்பும் தண்ணீர்ப் பாட்டிலும் செய்தவர்கள் உண்டு. அங்கே ஒரு பாட்டில்கூட அசையவில்லை. மதுரைச் சரக்கு மட்டும்தான் நடந்தது. பிள்ளை என்று நினைத்துக் காலில் பொட்டு வைத்தால் பிள்ளை மாதிரி நடக்கத்தானே செய்யும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு பாண்டிச்செல்வி காதிலும் விழுந்தது.

தார் ரோட்டுச் சூட்டில் உள்ளங்கால் உருகி வழிந்து வந்து சேர்ந்தவை, முற்றத்தில் வரிசையில் நின்றன. பொட்டு மட்டும் அழியவில்லை. பெற்றவர்கள் வந்து தேடித் தூக்கிப் போனார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவை மறுபடி வரிசையில் நின்றன. சிவபாண்டி மும்பைக்குப் போன் மேல் போன் போட்டார். விற்ற பொம்மைகளும் வந்துவிட்டன, பிள்ளைகள் சாப்பிடாமல் கிடக்கிறார்கள், ஏதாவது வழி சொல்லுங்கள் என்று கெஞ்சினார். இவ்வளவு முழுமையாகச் சரக்கைத் திரும்பப் பெற்ற உரிமதாரர் வேறு யாருமில்லை, எங்கள் பாராட்டுகள், அழித்த சான்றிதழை மாத முடிவுக்குள் அனுப்பவும் என்று பதில் வந்தது. எட்டு நாள் தாக்குப்பிடித்தார். ஒன்பதாம் நாள், கழிவு அரைக்கும் மெஷினை அவரே போய்ப் போட்டுவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குத்தவைத்து அழுதார். பொம்மைகளை யாரும் தூக்கிப் போட வேண்டியிருக்கவில்லை. மெஷின் வாய்க்குப் போகும் பலகை வழியாக அவையே ஏறிப் போயின.

பாண்டிச்செல்வியின் வீடு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். புருஷன் முத்திருளன் லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் தலை தெரியும். வீட்டில் அவளும் மகளும்தான். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர், வீட்டில் தங்கப்பொண்ணு. ஆறு வயது. தவழ்கிற காலத்திலிருந்து அவளோடு ஒரு கப்ளு இருந்தது. அதற்கு ஒரு வாய் ஊட்டினால்தான் இவள் ஒரு வாய் வாங்குவாள். முதல் நாளே பாண்டிச்செல்வி அதைச் சேலைத் துணியால் கட்டில் காலில் கட்டிப் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். அது பகலெல்லாம் இருந்த இடத்திலேயே நடந்து நடந்து சிமெண்டுத் தரையில் பள்ளம் விழுந்துவிட்டது. “அம்மா, அதுக்குக் கால் வலிக்கும்மா” என்று பிள்ளை விசும்பியது. மெஷின் ஓடத் தொடங்கிய அன்று பாண்டிச்செல்வி பெயிண்ட் அழிக்கும் தின்னரில் பஞ்சை நனைத்து எடுத்துவந்து, பொம்மையின் உள்ளங்காலை அழுத்தித் துடைத்தாள். பொட்டு போனதும் அது அப்படியே மல்லாந்து விழுந்தது. அப்பாடா, நம் பிள்ளையுடையதாவது தப்பியது என்று அவளுக்கு உயிர் வந்தது. தங்கப்பொண்ணு ஓடி வந்து அதைத் தூக்கினாள். முகத்தைப் பார்த்தாள், காதில் என்னவோ சொல்லிப் பார்த்தாள், பிறகு கட்டிலில் வைத்துவிட்டு, “இது பொம்மைம்மா” என்றாள்.

அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. பாண்டிச்செல்வி கொஞ்சினாள், மிரட்டினாள், முதுகில் ஒன்று வைத்துவிட்டுத் தானும் சேர்ந்து அழுதாள். “பொட்டை வச்சா அது போயிரும்டி. போனா வராது, கண்ணு. அம்மா அங்கதானே வேலை பாக்குறேன், எனக்குத் தெரியாதா?” என்றாள். “போனாப் போகட்டும். நீ வையி” என்றாள் தங்கப்பொண்ணு. மூன்றாம் நாள் காலை பாண்டிச்செல்வி வேறு வழியில்லாமல் கண்மையைத் தொட்டு அந்தக் காலில் வைத்தாள். பொட்டு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. கப்ளு எழுந்து உட்கார்ந்தது. பிள்ளை அதற்கு இட்லி ஊட்டி, தானும் மூன்று இட்லி தின்று, குல்லாவை நேராக்கி, கையைப் பிடித்துக்கொண்டு கம்பெனிவரை கூடவே நடந்தது. பாண்டிச்செல்வி பத்தடி பின்னால் போனாள். ஓடிப் போய்ப் பிடுங்கிக்கொள்ள நினைத்தாள். பிடுங்கி எங்கே கொண்டு போவது? வாட்ச்மேன் தவசி கேட்டைத் திறந்துவிட்டார். “பைய போ, விழுந்துராத” என்று சொல்லித் தங்கப்பொண்ணு கையை விட்டாள். பாண்டிச்செல்வி அன்று உள்ளே வேலைக்குப் போகவில்லை.

ஒரு வருஷம் கொட்டகைகள் மூடிக் கிடந்தன. சிவபாண்டி மறுபடி குடம் செய்தார், மனசு ஒட்டவில்லை. மறுபடி மும்பைக்கு ரயிலேறினார். இந்தத் தடவை டொம்பு என்ற மஞ்சள் யானைக்குட்டி, உரிமம் ஐந்து வருஷம். பெண்கள் வேலைக்குத் திரும்பிய அன்று அவர் நடுவில் வந்து நின்று, “தாயிகளா, கையெடுத்துக் கும்பிடுறேன். பொட்டு மட்டும் வேணாம். கன்னத்துலயும் வேணாம், கால்லயும் வேணாம்” என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பாண்டிச்செல்வி பலமாகவே ஆட்டினாள். மத்தியானம் முதல் பெட்டி நிறைந்ததும் அவர் ஒரு டொம்புவை எடுத்துக் காலைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார். பாண்டிச்செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு, “வைக்கக் கூடாதுன்னுதாண்ணே இருந்தேன். அது முகத்தப் பாத்துட்டு எப்படி அனுப்புறது?” என்றாள். அவர் பெட்டியை மூடி டேப் ஒட்டினார்.

அன்று சாயங்காலம் பாண்டிச்செல்வி ஒரு டொம்புவை வீட்டுக்குக் கொண்டுபோனாள். தங்கப்பொண்ணு வாங்கியதும் முதலில் காலைத்தான் திருப்பினாள். பொட்டைப் பார்த்துவிட்டு, “எம்புட்டு நாளைக்கும்மா?” என்று கேட்டாள்.

“அஞ்சு வருசம்.”

“அப்ப இதுக்கு ஒரு செருப்பு வாங்கிக் குடு. திரும்பிப் போறப்ப ரோடு சுடும்ல” என்று சொல்லிவிட்டு, யானையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு விளையாடப் போனாள்.

இப்போது சிஹாபுதீன் கடையில் டொம்பு வாங்கினால் ஒரு ஜோடி செருப்பும் சேர்த்தே தருகிறார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்கிறார்கள்.